பழைய கம்பெனி கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: முதலில் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

ரங்கூன் டீக்கடையில் உட்கார்ந்து, "என் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் "ஐ7 போடு, போதும்" என்பார். இன்னொருவர் "கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும்" என்பார். மூன்றாமவர் பக்கத்து மேசையிலிருந்து திரும்பி, "பாட்டில்நெக் வரும், காசு வீண்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி டீயைக் குடிப்பார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் ரங்கூனுக்குப் பக்கத்துத் தான்லினில் இருக்கும் என் தங்கை மகன் போன மழைக்காலத்தில் ஒரு கார்டு வாங்கினான். இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"மாமா, கார்டு போட்டுட்டேன். ஓடுது. ஆனா ஏதோ கருகின வாடை வருது."

பிளக்கைப் பிடுங்கு, பிறகு பேசலாம் என்றேன்.

அவனுக்கு நேரில் விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் ஊரில் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் பெட்டிகளில் பல, ஏதோ ஒரு அலுவலகத்தில் ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டு வந்தவை: டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். கம்பெனியே கோத்து, மூடி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியவை. கடையில் சாமான் வாங்கி நாமே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் யோசனைகள் இவற்றுக்கு அப்படியே பொருந்தாது. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

## தோசைக் கடையில் இரண்டு பேர்

சாயங்காலம் அனோரதா சாலைப் பக்கம் போனால் தோசை போடுகிறவர்களைப் பார்க்கலாம். கூட்டம் உள்ள கடையில் இரண்டு பேர் இருப்பார்கள். முன்னால் நிற்கும் அக்கா எல்லாரிடமும் பேசுகிறார். யாருக்கு முறுகல், யாருக்கு வெங்காயம் வேண்டாம், யாருக்குப் பார்சல், யார் நேற்றுப் பாக்கி வைத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை. ஒன்றுக்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்ததை முடிவு செய்ய முடியும். பின்னால் கல்லடியில் நிற்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரே மாவு, ஒரே வட்டம், ஒரே நேரத்தில் ஆறு தோசை.

முன்னால் நிற்கும் அக்காதான் பிராசசர். கல்லடியில் நிற்பவர் கிராபிக்ஸ் கார்டு.

பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கக்கூடிய பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கோர் என்று பெயர். பழைய அலுவலகப் பெட்டிகளில் அடிக்கடி காணும் இன்டெல் ஐ5-4570 பிராசசரில் 4 கோர். நான்கும் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைகள், எந்தக் குழப்பமான வேலையைக் கொடுத்தாலும் தாங்கும். ஜிடிஎக்ஸ் 1650 என்ற கிராபிக்ஸ் கார்டில் 896 கோர். பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. அந்த 896 பேரும் தனித்தனியே பெரிதாக யோசிக்கத் தெரியாதவர்கள்; ஒரே கணக்கை எல்லாருமாகச் சேர்ந்து போடுவதில்தான் அவர்கள் பலம்.

அப்படி ஒரே மாதிரிக் கணக்கு எங்கே வருகிறது? உங்கள் திரையில். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. கேம் ஓடும்போது அத்தனை புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஒரு நொடிக்குள் பல முறை. நான்கு கணக்குப்பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்யச் சொன்னால் விடிந்துவிடும்.

"என் பெட்டியில் கார்டே இல்லை, படம் தெரிகிறதே" என்று கேட்கலாம். பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு உள்ளேயே ஒரு சின்னத் தோசைக்கல் வைத்திருப்பார்கள். இதை ஆன்போர்டு கிராபிக்ஸ் என்கிறோம். கடிதம் அடிக்க, படம் பார்க்க அது தாராளம். அதன் குறை, தனக்கென்று மாவுப் பாத்திரம் கிடையாது. கம்ப்யூட்டரின் பொது நினைவகமான ராமிலிருந்து அள்ளித்தான் அதுவும் வேலை செய்ய வேண்டும். டிடிஆர்3 1600 என்ற வகை ராம் இரண்டு துண்டு போட்டிருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி வரை அள்ளலாம். ஒரே துண்டு என்றால் அதில் பாதிதான். ஜிடிஎக்ஸ் 1650 தன்னிடமுள்ள 4 ஜிபி நினைவகத்திலிருந்து நொடிக்கு 128 ஜிபி அள்ளுகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: விதவிதமான வேலைகளை முடிவெடுத்துச் செய்வது பிராசசர். ஒரே வேலையை லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் சேர்ந்து செய்வது கிராபிக்ஸ் கார்டு. ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

## ஒரு படம் உருவாக எவ்வளவு நேரம்?

இனி விஷயத்துக்கு வருவோம். கேமில் அசைவாகத் தெரிவது உண்மையில் வரிசையாக வரும் நிலைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ரேம் என்று பெயர். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் ஏறக்குறைய பதினேழு துண்டு.

ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு கை மாறுகிறது. முதலில் பிராசசர் கணக்குப் பார்க்கிறது: எந்த வீரன் எங்கே நிற்கிறான், அம்பு யார் மேல் பட்டது, நண்பனின் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட்டில் என்ன தகவல் வந்தது, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது. அதன் முடிவில் "இதை இங்கே வரை, அதை அங்கே வரை" என்று ஒரு பட்டியல் எழுதி நீட்டுகிறது. அந்தப் பட்டியலை வாங்கிக் கிராபிக்ஸ் கார்டு வரைகிறது.

கவனிக்க வேண்டியது, கார்டு முதல் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் இரண்டாவது பட்டியலை எழுதத் தொடங்கிவிடும். கல்லில் தோசை வேகும்போதே அக்கா அடுத்தவரிடம் "உங்களுக்கு என்ன" என்று கேட்பது போலத்தான். அதனால் இருவரின் நேரத்தையும் கூட்டக் கூடாது. யார் மெதுவோ அவர் வேகம்தான் கடையின் வேகம்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய பெட்டியில் பிராசசர் பட்டியல் எழுத 12 மில்லிநொடி, ஆன்போர்டு கிராபிக்ஸ் வரைய 40 மில்லிநொடி. கல் மெது. ஆயிரத்தை நாற்பதால் வகுத்தால் நொடிக்கு 25 ஃப்ரேம், படம் விக்கி விக்கி ஓடும். இப்போது 8 மில்லிநொடியில் வரையும் ஒரு கார்டு போடுகிறோம். வரைவது இப்போது வேகமாகிவிட்டது, மெதுவானவர் பிராசசர். ஆயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 83 ஃப்ரேம். பிரமாதம், மூன்று மடங்குக்கு மேல். ஆசை விடவில்லை, அதைப்போல் இரண்டு மடங்கு விலை கொடுத்து 4 மில்லிநொடியில் வரையும் கார்டு வாங்குகிறோம். இப்போது எத்தனை? அதே 83தான். கார்டு மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பட்டியலுக்குக் காத்திருக்கும்.

இந்தக் கடைசி நிலைக்குத்தான் பாட்டில்நெக் என்று பெயர்: ஒரு பாகத்தின் மெதுவால் இன்னொரு பாகம் சும்மா நிற்பது. குறுகிய பாட்டில் கழுத்து என்ற உவமையில் வந்த சொல்.

டீக்கடையில் இந்தச் சொல்லை நோயின் பெயர் மாதிரிச் சொல்கிறார்கள், வந்தால் கம்ப்யூட்டரே போச்சு என்பது போல. அப்படியில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் யாராவது ஒருவர் மெதுவாகத்தான் இருப்பார், இல்லையென்றால் ஃப்ரேம்களுக்கு எல்லையே இருக்காது. பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் தட்டினால் "இத்தனை சதவீதம் பாட்டில்நெக்" என்று சொல்லும் கணக்கிகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அவை கிளி ஜோசியம். எந்த கேம், எந்தத் திரை அளவு என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நூறு வீரர்கள் ஒரே இடத்தில் மோதும் கேமில் பட்டியல் எழுதவே நேரம் போகும். அழகான காடும் தண்ணீரும் காட்டும் கேமில் வரைவதற்குத்தான் நேரம் போகும். ஒரே பெட்டியில் காலையில் பிராசசர் மெது, மாலையில் கார்டு மெது.

## மெதுவானவரைக் கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. கேமின் அமைப்பில் திரை அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1366க்கு 768 என்று குறைத்துப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். பட்டியல் எழுதும் வேலை மாறாது. வீரர்கள் அதே எண்ணிக்கைதானே. ஃப்ரேம் நன்றாக ஏறினால் மெதுவாக இருந்தது கிராபிக்ஸ். அசையாமல் அங்கேயே நின்றால் மெதுவாக இருந்தது பிராசசர்.

இன்னொரு வழி விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். கேம் ஓடும்போது அதில் ஜிபியூ (கிராபிக்ஸ்) என்று காட்டும் வரி 95க்கு மேலேயே நின்றால் கார்டு மூச்சு முட்ட வேலை செய்கிறது. 50, 60 என்று இருந்தும் படம் விக்கினால் பிராசசரைப் பாருங்கள். ஆனால் சிபியூ (பிராசசர்) வரியை நம்பி ஏமாறாதீர்கள். நான்கு கோரில் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடி, மற்ற மூன்றும் சும்மா இருந்தால் அங்கே 25 சதவீதம் என்றுதான் காட்டும். "கால்வாசிதான் வேலை செய்கிறது, பிராசசர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். கோர் கோராகக் காட்டும்படி மாற்றிப் பார்க்க வேண்டும்.

கேம் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, நல்ல கார்டாகப் பார்த்துச் சொல் என்றார். அவர் கடையில் மெதுவாக இருந்தது பிராசசரும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை, ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. தேடும் இடம் ஊசிக்குக் கீழே வந்து சேர்வதற்கே பாதிச் சுற்று போகிறது, ஊசி நகரும் நேரம் தனி. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை இப்படி நொடிக்கு நூறுகூட எடுக்க முடியாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கில் எடுக்கும். அண்ணனுக்கு ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டோம். கார்டுக்கு வைத்திருந்த காசில் அவர் பிரின்டருக்கு மை வாங்கினார்.

சுருக்கமாக: ஃப்ரேம் வேகம் மெதுவானவரின் வேகம். மெதுவானவர் யார் என்று பார்க்காமல் வாங்கும் சாமான் சில நேரம் சும்மா நிற்கும்.

## பிராசசர்: சாக்கெட் விடும் வரைதான்

சரி, பிராசசர்தான் மெது என்று தெரிந்துவிட்டது. மாற்றலாமா? மாற்றலாம், ஒரு கூரை வரை.

எல்லாப் பாகங்களும் செருகப்படும் பெரிய பலகைதான் மதர்போர்டு. பிராசசர் அதில் உட்காரும் குழிக்கு சாக்கெட் என்று பெயர். இன்டெல் சாக்கெட்டுகளின் எண் அதிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1155. நான்காம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150. ஐந்து முனைதானே வித்தியாசம் என்று அழுத்திப் பார்க்கக் கூடாது. சாக்கெட்டுக்குள் இருக்கும் ஊசிகள் தலைமுடி மாதிரி வளைந்துவிடும், அப்புறம் மதர்போர்டே தூக்கிப் போட வேண்டியதுதான். ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 என்று ஒரே பெயர் வைத்தார்கள். குழி ஒன்று, ஆனால் ஒன்றின் பிராசசர் மற்றதன் மதர்போர்டில் ஓடாது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

தலைமுறையைப் பெயரிலேயே படிக்கலாம். ஐ5-4570 என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 4தான் தலைமுறை. ஐ3-10100 என்றால் பத்தாம் தலைமுறை. "ஐ7 என்றால் வேகம்" என்ற பேச்சு இங்கேதான் கவிழ்கிறது. 3, 5, 7 என்பவை அந்தந்த வருடத்து வரிசைக்குள் உள்ள படிகள். 2011இல் வந்த ஐ7-2600ஐ 2020இல் வந்த ஐ3-10100 சாதாரணமாக முந்திவிடும். இரண்டிலும் 4 கோர்தான். பழைய வகுப்பில் முதல் மாணவன், புது வகுப்பில் கடைசி பெஞ்சு.

ஆகவே நான்காம் தலைமுறைப் பெட்டியில் ஐ5-4570 இருந்தால் அதன் கூரை ஐ7-4790. 4 கோர் அதேதான், ஆனால் ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைகளை மாறி மாறிப் பிடிக்கும், வேகமும் 3.2இலிருந்து 3.6 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் 84 வாட் என்பதால் சூடும் அதே அளவு. புது கேம்களில் விக்கல் குறையும், ஆனால் வானத்துக்குத் தாவாது. எண்ணுக்குப் பின்னால் டி என்ற எழுத்து இருந்தால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகம் குறைத்த வகை; ஐ7-4770டி வெறும் 45 வாட். விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள். கே என்று முடிவதற்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம், அலுவலகப் பெட்டியில் அதன் சிறப்பைப் பயன்படுத்த வழியில்லை.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை முதல். நான்காம் தலைமுறைப் பெட்டியில் எந்த ஐ7 போட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பிராசசரை மாற்றுவதைவிட இரண்டு படி புதிய பெட்டியையே வாங்கிவிடுவது சில நேரம் மலிவு. விலையை எழுதவில்லை, நான் எழுதி முடிப்பதற்குள் சாட் (மியான்மர் நாணயம்) கணக்கு மாறிவிடும்.

## மின்சாரம்: இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பாடம்

இப்போது அந்தக் கருகல் வாடை.

ரங்கூனில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் இந்தப் பாடம் நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். இன்வெர்ட்டரில் விளக்கு, ஃபேன், ரவுட்டர் ஓடும். அரிசிக் குக்கரைச் செருகினால் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். பேட்டரி நிறைய இருந்தாலும் ஒரே நேரத்தில் இவ்வளவுதான் கொடுப்பேன் என்று அதற்கு ஓர் அளவு இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் டப்பா அது. அலுவலகப் பெட்டியில் யாரும் கேம் ஆட மாட்டார்கள் என்று கம்பெனி அளந்துதான் வைக்கும். ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் பெட்டியில் 290 வாட். அதன் சின்னப் பெட்டியில் 255 வாட்.

கிராபிக்ஸ் கார்டு மின்சாரம் எடுப்பது இரண்டு வழியில். ஒன்று, அது செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், அதாவது மதர்போர்டில் உள்ள நீளமான பள்ளம். விதிப்படி அதிகபட்சம் 75 வாட். இரண்டு, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் கேபிள். 6 பின் கேபிள் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இந்த இரண்டாவது கேபிளே கிடையாது.

என் மருமகன் வாங்கியது 185 வாட் கேட்கும் பெரிய கார்டு, 8 பின் வாய் உள்ளது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் முறை நின்றுபோனது. அதுவரை ராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. அதில் ஒன்றாக இருக்கலாம். பெட்டியில் 8 பின் கேபிள் இல்லை. கடையில் ஒரு மாற்று வயர் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு முனையில் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா வாய், மறுமுனையில் 8 பின்.

மறுநாள் போய்ப் பெட்டியைத் திறந்தேன். தட்டையான கறுப்பு சாட்டா வாய் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி, மெழுகு மாதிரி இளகி, உள்ளே இருந்த தகடோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் வயரின் மேலுறை விரலால் தொட்டதும் கழன்று வந்தது. சாட்டா வாயின் 12 வோல்ட் முனைகள் மொத்தம் 4.5 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை. பெருக்கிப் பார்த்தால் 54 வாட். அந்த வழியாக 150 வாட் வரை இழுக்க அனுமதிக்கும் வாயைக் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும்? குழந்தைகள் சர்பத் குடிக்கும் ஸ்ட்ராவில் தண்ணீர் மோட்டாரை இணைத்த கதை. மருமகன் பக்கத்தில் நின்றுகொண்டு, "கடைக்காரர் பொருந்தும்னு சொன்னாரு மாமா" என்றான். பொருந்தத்தான் செய்தது.

"பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே" என்றால், அங்கே கம்பெனிப் பெட்டி இன்னொரு கதவைச் சாத்துகிறது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மதர்போர்டுக்குப் போகும் முக்கியக் கேபிள் 24 பின், எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஆப்டிபிளெக்ஸ் 9020இல் அந்த இடத்தில் டெல்லுக்கே உரிய 8 பின் வாய். எலைட்டெஸ்க் 800 முதல் தலைமுறையில் எச்பிக்கே உரிய 6 பின். மாற்று வயர்கள் விற்கிறார்கள், வேலை செய்பவையும் உண்டு. ஆனால் புது பவர் சப்ளை பழைய பெட்டியின் குழியில் உட்காரும் அளவா என்பது அடுத்த கேள்வி. முதல் முறை பெட்டியைத் திறக்கிறவருக்கு இந்த வழி வேண்டாம் என்பேன்.

சுருக்கமாக: கேபிள் இல்லாத பெட்டி என்றால் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டும். மாற்று வயர் மின்சாரத்தை உண்டாக்காது.

## 75 வாட்டுக்குள் என்ன கிடைக்கும்?

கொஞ்சம் கிடைக்கும், அதுவும் மோசமில்லை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. கடைசியில் உள்ளது 70 வாட். ஆர்எக்ஸ் 6400க்கு 53 வாட்டே போதும். முதல் இரண்டிலும் தனிக் கேபிள் கேட்கும் வகைகளும் கடையில் உண்டு. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல், கார்டின் ஓரத்தில் பின் வாய் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 6400 பற்றி ஒரு எச்சரிக்கை. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் ஓடும் பாதைகளுக்கு லேன் என்று பெயர். பொதுவாகக் கார்டுகள் 16 அல்லது 8 லேன் பயன்படுத்தும். இது 4 மட்டும். புது மதர்போர்டில் ஒவ்வொரு லேனும் வேகம் என்பதால் சமாளிக்கும். நான்காம் தலைமுறைப் பெட்டியில் ஒரு லேன் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, இரண்டாம் தலைமுறையில் அதிலும் பாதி. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிறைந்துவிட்டால் படம் தடுமாறும். பழைய பெட்டிக்காகவே செய்தது மாதிரி இருக்கும் கார்டு, பழைய பெட்டியில்தான் சிரமப்படுகிறது.

பெயரில் இன்னொரு பொறி ஜிடி 1030. அதே பெயரில் இரண்டு கார்டு. ஒன்றின் நினைவகம் ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி. மற்றது டிடிஆர்4, நொடிக்கு சுமார் 17 ஜிபி. அட்டைப் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தச் சொல்லைத் தேடிப் படியுங்கள்.

போலிகளும் உண்டு. பத்து வருடத்துக்கும் பழைய கார்டின் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்கிறார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்டவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்துப் போலி என்றே காட்டும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியின் உயரத்தையும் பாருங்கள். புத்தகம் மாதிரிப் படுக்க வைக்கும் சின்னப் பெட்டிக்கு லோ புரொஃபைல் என்ற அரை உயரக் கார்டுதான் நுழையும், அதற்குரிய குட்டித் தகடும் கூடவே கிடைக்க வேண்டும். அப்படிச் சில பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டைவிடக் குறைவாகவே அனுமதி இருக்கும். அந்த மாடலின் கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

## பயாஸ், தூசி, சிவப்பு பட்டன்

புது கார்டு போட்டுத் திரையே வராமல் போனால் அநேகமாகப் பயாஸ் பழையது. பயாஸ் என்பது கம்ப்யூட்டர் விழித்தவுடன் முதலில் ஓடும் சின்ன மென்பொருள், மதர்போர்டிலேயே இருக்கிறது. கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய புதியதை இறக்கிக் கார்டு போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஆனால் அது எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போர்டு எழுந்திருக்காமலே போகலாம். தெருவில் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஆரம்பிக்காதீர்கள். மின்சாரம் நிலைக்கட்டும், யுபிஎஸ்ஸில் செருகிக்கொண்டு அப்புறம் செய்யுங்கள்.

சில பழைய பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு பட்டன் இருக்கும். 115இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தில் செருகினால் ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் முதல் வேலையாக அதைப் பாருங்கள். 100–240 என்று ஸ்டிக்கரில் இருந்தால் கவலையில்லை, தானாகவே பார்த்துக்கொள்ளும்.

பிராசசரைக் கழற்றினால் அதன் மேலிருக்கும் காய்ந்த பசையைத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு வையுங்கள். பிராசசரின் சூட்டை மேலே உள்ள ஃபேன் கட்டைக்குக் கடத்துவது அதுதான். ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் அப்போதே எடுத்துவிடுங்கள். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் வரும் ஏப்ரல் மாத வெயிலில் அந்தத் தூசி கம்பளிப் போர்வை.

மருமகன் பெட்டி பிழைத்துக்கொண்டது, இளகியது வாய் மட்டும்தான். பெரிய கார்டைத் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் நஷ்டத்தோடு கேபிள் கேட்காத ஒரு 1650 வாங்கினான். ஐ5 அப்படியே இருக்கிறது. டோட்டா என்ற கேமில் திரை அளவைக் குறைத்துப் பார்த்தோம், ஃப்ரேம் ஏறவில்லை. ஆக, இப்போது மெதுவானவர் பிராசசர். "அப்போ ஐ7 போடணும்ல மாமா" என்று உடனே பிடித்துக்கொண்டான். எண்ணைப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் ஓடுகிறது. அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதனால் காட்டவே முடியாது. அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மானிட்டர் என்ன விலை என்று கேட்டான்.